தலைப்பில்லாத புத்தகத்துக்கு ஓர் அபிப்பிராயம்

பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் கந்தப்பனின் மளிகைக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. இரண்டு அலமாரி, ஒரு பெஞ்சு, நூற்றுச் சொச்சம் புத்தகங்கள். ஊர்க்காரர்கள் அதை வாசகசாலை என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். அங்கே புத்தகம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் முதல் பக்கத்தைப் பார்க்கமாட்டார்கள். நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அங்கேதான் ரத்தினசாமியின் பென்சில் எழுத்து இருக்கும்.

ரத்தினசாமிக்கு நாற்பத்தைந்து வயது. கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர், வானம் பார்த்த பூமி பத்து ஏக்கர். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவர். பொய் சொல்லாதவர். அதனாலேயே ஊரில் அவரிடம் யாரும் கொஞ்சம் தள்ளியே நின்று பேசுவார்கள். ஆனால் அவர் எழுதுகிற அபிப்பிராயத்தைப் படித்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

ஒரு துப்பறியும் நாவலின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கொலை செய்தவன் யார் என்று ஏழாம் பக்கத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. துப்பறிகிறவருக்கு மட்டும் முந்நூறாம் பக்கம் வரை தெரியவில்லை. மாதச் சம்பளக்காரர் போலிருக்கிறது." சீமைக் கதை ஒன்றைத் தமிழில் எழுதியிருந்ததற்கு: "பனி பெய்கிறது, பெய்துகொண்டே இருக்கிறது. நம் பக்கம் கொஞ்சம் அனுப்பியிருந்தால் சோளமாவது பிழைத்திருக்கும்." ஒரு பக்திப் புத்தகத்துக்கு: "நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஆனால் ஆசிரியருக்குக் கோபம் அதிகம். கடவுளைப் பற்றி எழுதும்போது பல்லைக் கடிப்பானேன்?"

சினிமாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. அறுப்பு முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுப் படம் காட்டுவார்கள். அப்போது படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்வார், இன்னொருவர் ஆர்மோனியம் வாசிப்பார். படம் பார்த்த மறுநாள் காலையில் ரத்தினசாமி ஒரு காகிதத்தில் எழுதிக் கந்தப்பன் கடைக் கதவில் ஒட்டிவிடுவார். அதைப் பார்த்த பிறகுதான் பலர் படத்துக்குப் போவார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு காகிதம் ஒட்டினார். ஒரு புராணப் படம். அதில் ஒரு நிஜ ஆட்டுக்குட்டியைப் பாறையிலிருந்து தள்ளிவிட்டுப் படம் பிடித்திருந்தார்கள். ரத்தினசாமி பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். மறுநாள் கதவில் இரண்டே வரி: "வாயில்லா ஜீவனைக் கொன்று வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். இது பாவம்." அன்று மாலை கூடாரத்தில் கூட்டம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அவர்களோடு ரத்தினசாமியின் தங்கை கமலாத்தாளும் போய்விட்டாள்.

கமலாத்தாளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. பதினைந்தில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஒன்பது வருஷம் அவரோடு சேர்ந்து எல்லாப் புத்தகத்தையும் படித்தாள். அவர் நன்றாயிருக்கிறது என்றதை இவள் மட்டம் என்பாள். இவள் அழுத இடத்தில் அவர் சிரிப்பார். சோறு ஆறிப்போகும், சண்டை தீராது. நடுவில் ரத்தினசாமியின் மனைவி வள்ளியாத்தாள் வந்து, செத்துப்போன ராஜாவுக்காக இரண்டு பேரும் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறீர்கள் என்று இலையை எடுத்துவிடுவாள். அந்தத் தங்கை, ஆர்மோனியம் வாசித்த அமிர்தநாதன் என்பவனோடு போய்விட்டாள். வேறு வேதத்தைச் சேர்ந்தவன். மதுரைப் பக்கத்துக்காரன்.

ஒரு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. ரத்தினசாமி அதைப் பிரிக்கவில்லை. கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்து, இந்த வீட்டுக்கு அந்தக் கையெழுத்தில் இனி எதுவும் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவள் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. அபிப்பிராயம் எழுதுவதை மட்டும் விடவில்லை. முன்பு நாலு வரி எழுதியவர் இப்போது ஒரு பக்கம் எழுதினார். கேட்பதற்கு எதிரே ஆள் இல்லாதபோது மனிதன் கொஞ்சம் கூடுதலாகத்தான் பேசிவிடுகிறான்.

இந்த நாலு வருஷத்தில் அவர் கவனித்த ஒரு விஷயம் உண்டு. வாசகசாலைப் புத்தகங்கள் சில, மாதக்கணக்கில் காணாமல் போய்த் திரும்பி வந்தன. வரும்போது ஏலக்காய் வாசனை அடித்தது. ஏலக்காய் மூட்டை மேலா புத்தகத்தை வைக்கிறாய் என்று கந்தப்பனைக் கடிந்துகொண்டார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

தை மாதத்தில் கந்தப்பன் ஒரு புது நாவலை அவர் கையில் கொடுத்தான். புதிது என்றால் வாசகசாலைக்குப் புதிது. அட்டையும் முதல் நாலு பக்கமும் இல்லை. எழுதியவர் யார், கதைக்குப் பேர் என்ன, ஒன்றும் தெரியவில்லை.

"அண்ணா, இத நீங்க அவசியம் படிக்கோணுங்க," என்றான் கந்தப்பன். "என்ன தோணுதோ அத ஒளிக்காம எழுதிப் போடுங்க."

அவன் எந்தப் புத்தகத்துக்கும் அப்படிச் சொன்னதில்லை. ரத்தினசாமி அதை யோசிக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

கிணற்றுமேட்டில் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து படித்தார். இரண்டு முற்பகலில் முடித்தார். ஒரு கைம்பெண்ணின் கதை. பாட்டு வாத்தியார் ஒருவரோடு ஊரைவிட்டுப் போகிறாள். சில வருஷம் கழித்து, ஒரு மழை நாளில், அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். அண்ணன் கதவைத் திறக்கவில்லை. அவள் ஊர்க்கிணற்றில் விழுந்து சாகிறாள். கடைசியில் ஆசிரியர் வெளியே வந்து, ஆகையால் பெண்களே பாவத்துக்கு அஞ்சி நடங்கள் என்று அரைப் பக்கம் உபதேசம் செய்து கதையை முடித்திருந்தார்.

ரத்தினசாமி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். மத்தியானச் சோறு கொண்டுவந்த வள்ளியாத்தாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன கதை என்று கேட்டாள். அவர் சொன்னார். அவள் தூக்குப்போசியைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு என்னங்க எழுதப் போறீங்க?"

அவர் கவிழ்த்த புத்தகத்தை நிமிர்த்திக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"ஊரு படிச்சுச் சிரிக்கும்னு எழுதாம உட்றாதீங்க," என்றாள் அவள். அவ்வளவுதான். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அவர் பென்சிலை எடுத்தார். மனதில் வரிகள் ஒழுங்காக நின்றன. அவர் எழுத நினைத்தது இதுதான்: பாவம், இந்தப் பெண். அண்ணன் கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்காத அண்ணனுக்கு உபதேசம் செய்யாமல், செத்தவளுக்கு உபதேசம் செய்கிறார் ஆசிரியர்.

முதல் சொல்லை எழுதினார். பாவம். பாலக்காட்டுச் சீமையில் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர்களுக்கு அந்தச் சொல் நாக்கிலேயே இருக்கும். தாயில்லாக் கன்றுக்குட்டியைப் பார்த்தாலும் பாவம் என்பார்கள். சூதுவாது தெரியாத ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆள் ஒரு பாவம் என்று அன்போடு சொல்வார்கள். அந்த நினைப்பில்தான் எழுதினார். அடுத்த சொல்லுக்குப் போகுமுன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து இதைப் படிக்கப்போகிற முகங்கள் அவருக்குத் தெரிந்தன. பார்த்தாயா, தன் கதையையே எழுதிவிட்டார் என்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். பென்சில் நின்றது. ஒரு புள்ளி வைத்தார். புத்தகத்தை மூடினார்.

ஆசிரியரின் உபதேசத்துக்கு நேர் கீழே, ஒரே ஒரு சொல். பாவம்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கந்தப்பன் அவசரமாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. ரத்தினசாமிக்கு அது விளங்கவில்லை.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலை கந்தப்பன் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடிவந்தான். கையில் ஒரு கடிதம்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணுங்க. என்னைய அடிச்சாலும் செரி."

அவன் சொல்லச் சொல்ல ரத்தினசாமி நின்ற இடத்திலேயே நின்றார். கமலாத்தாள் கம்பத்துக்கு மேலே மலையில், கம்பம்மெட்டில் இருந்தாள். படங்கள் பேச ஆரம்பித்த பிறகு ஆர்மோனியக்காரர்களைக் கேட்பார் இல்லை. அமிர்தநாதன் அங்கே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தன் கடிதம் பிரிக்காமல் திரும்பிய பிறகு அவள் கந்தப்பனுக்கு எழுதியிருக்கிறாள். அண்ணன் எனக்கு எழுதவேண்டாம், புத்தகத்தில் எழுதுகிறதையாவது நான் பார்க்கிறேன், என்று. கந்தப்பன் வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர் எழுதி முடித்த புத்தகம் ஒன்றை அங்கிருந்து தபாலில் அனுப்பியிருக்கிறான். உள்ளூரில் போட்டால் விலாசம் தெரிந்துவிடும் என்று பயம். அவள் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவாள். கூடவே சின்னச் சீட்டில், அண்ணன் இந்த இடத்தில் சொன்னது தப்பு என்று சண்டைக்கு வருவாளாம்.

"அந்தத் தலையில்லாத பொஸ்தகம் எங்க கெடச்சுது?" என்று கேட்டார் ரத்தினசாமி.

"கமலாத்தா அனுப்புனதுங்க. அவங்களுக்குப் பினாங்குக்கு வரச்சொல்லி நாடகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்திருக்குது. போறதுக்கு மனசில்ல. இதப் படிச்சுட்டு அண்ணன் என்ன எழுதறாருன்னு பாக்கறேன், எரக்கமா ஒரு வார்த்த இருந்தா ஊருக்கு வந்து வாசல்ல நிப்பேன், இல்லீன்னா கப்பலேறிப் போயிருவேன், அண்ணனுக்கு மட்டும் சொல்லிராதேன்னு எழுதியிருந்துச்சுங்க. நீங்க பாவம்னு எழுதியிருந்ததப் பாத்துட்டு, அப்பாடா, அண்ணன் எறங்கிட்டாருன்னு சந்தோசமா அனுப்பி வெச்சனுங்க."

"அப்பறம்?"

கந்தப்பன் கடிதத்தை நீட்டினான். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையெழுத்தை ரத்தினசாமி பார்த்தார். 'அண்ணன் ஒன்றும் எழுதவில்லையாம். வெறும் பக்கமாக வந்ததாம். அதுவும் ஒரு பதில்தானே. இந்த வாரம் கிளம்புகிறோம். இனிமேல் புத்தகம் அனுப்பாதே.' தேதி போடவில்லை.

அன்றே ரத்தினசாமி கிளம்பினார். வள்ளியாத்தாள் கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ரயிலிலும் மோட்டார் பஸ்ஸிலுமாக இரண்டு நாள். கம்பத்திலிருந்து மலைக்கு நடந்து ஏறினார். சுமைக்காரர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இன்னும் போயிருக்கமாட்டாள், கப்பல் தள்ளிப்போயிருக்கும் என்று முருகனை வேண்டிக்கொண்டே ஏறினார். நாம் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டால் கடவுளுக்கும் நமக்கும் பேச்சே இருக்காது போலும்.

ஏலக்காய் ஸ்டோரின் முன்பக்கத் தகரக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து காய்ந்த ஏலக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கமலாத்தாள் பேரைச் சொன்னதும் மாரித்தாய் என்கிற நடுவயதுப் பெண் மடியிலிருந்த முறத்தைத் தள்ளிவைத்து எழுந்தாள். கமலாத்தாளின் பக்கத்து வீட்டுக்காரி.

"அவுக போயி ஒம்பது நாளாச்சேய்யா. நாகப்பட்டினத்துல கப்பலுன்னு சொன்னாக." அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க அதோட அண்ணன்தான?"

பினாங்கில் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. ரத்தினசாமி ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். மாரித்தாய் வீட்டுக்குள் போய்க் கருப்பட்டி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே துணியில் சுற்றிய ஒரு புத்தகம்.

அவள் சொன்னது இது. புத்தகம் வந்த அன்று அமிர்தநாதன்தான் கம்பத்துக்குப் போய்த் தபாலை வாங்கினான். மலையேறும் வழியில் பிரித்துப் பார்த்திருக்கிறான். உபதேசமும், அதற்குக் கீழே அந்த ஒரு சொல்லும். மாதா கோவிலில் தினமும் பாவங்களைப் பொறுத்தருளும் என்று மண்டியிட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஆட்டுக்குட்டிக்காகக் கடைக்கதவில் அந்தக் கையெழுத்து எழுதிய பாவத்தையும் கண்ணால் பார்த்தவன். அவனுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் தோன்றவில்லை. தன் பெண்டாட்டியை அவள் அண்ணன் பாவம் என்று எழுதிவிட்டார் என்றே எடுத்துக்கொண்டான். நேராக மாரித்தாயிடம் வந்து புத்தகத்தைக் கொடுத்தான்.

"கண்ணுல தண்ணி நிக்குது அவுகளுக்கு. இதை ஒளிச்சு வையுங்கக்கா, காட்டுனா அவ தாங்கமாட்டா, ஒண்ணும் எழுதல, பொஸ்தகத்தக் கோவத்துல ஓடையில எறிஞ்சுட்டேன்னு சொல்லிடுறேன்னாக. நானும் நல்லதுக்குத்தானேன்னு வாங்கிப் பரணுல போட்டேன். அந்தப் பிள்ள நம்பல. இன்னொரு கடுதாசி வரும் வரும்னு பத்து நாளு ரோட்டுல போயி நின்னுச்சு."

ரத்தினசாமி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சொல் அப்படியே இருந்தது. வாயால் சொல்லியிருந்தால் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட அது என்ன பாவம் என்று புரிந்திருக்கும். பென்சிலுக்குக் குரல் இல்லை. கந்தப்பன் நல்லது நினைத்தான். அமிர்தநாதன் நல்லது நினைத்தான். எதிரே நிற்கிற இந்தப் பெண்ணும் நல்லதே செய்தாள். இத்தனை பேருடைய அன்பும் ஒரே ஒரு வரிக்காகக் காத்திருந்தது. அந்த வரியை அவர் ஊர்க்காரர்களுக்குப் பயந்து தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

இது வேறு பாவம், இரக்கப்பட்டு எழுதியது என்று மாரித்தாயிடம் சொல்ல வாயெடுத்தார். சொன்னால், ஒளித்துவைத்த கை தன் கைதானே என்று இந்தப் பெண் வாழ்நாளெல்லாம் வருந்துவாள். அவர் சொல்லவில்லை. நீங்கள் செய்தது சரிதானம்மா என்றார். பொய் சொல்லாத மனிதர் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். அதைக் கடவுள் எந்தக் கணக்கில் எழுதினார் என்று நமக்குத் தெரியாது. என் நம்பிக்கை, நல்ல கணக்கில்தான்.

காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்களில் சின்னவள், பூமாரி, தயங்கித் தயங்கிக் கேட்டாள். கமலாக்கா அந்தக் கதையைத் தினமும் மத்தியானம் கொஞ்சங்கொஞ்சமாக வாசித்துக் காட்டினாளாம். அந்தப் பெண் மழையில் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நிற்கிற இடத்தோடு நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பிவிட்டாளாம். அப்புறம் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. இங்கே யாருக்கும் வாசிக்க வராது.

"நீங்க வாசிப்பீகளாய்யா?"

மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தினசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தை எடுத்தார். எழுத்துக்கு எழுத்து ஒழுங்காக வாசித்தார். மழை கொட்டியது. அவள் கதவைத் தட்டினாள். உள்ளே அண்ணன் காலடிச் சத்தம் கேட்டது.

அவர் ஒரு கணம் நிறுத்தினார்.

"அண்ணன் கதவைத் திறந்தான்," என்று வாசித்தார்.

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. யாரோ, அண்ணன்னா இப்படில்ல இருக்கணும் என்றாள். மாரித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாருய்யா அந்த அண்ணன்?"

"ஒண்ணும் சொல்லலீங்க. உள்ள வா, தலை நனையுதுன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"சோறு போட்டாகளா அந்தப் பிள்ளைக்கு?"

ரத்தினசாமி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்தில் கிணறு இருந்தது. மிதக்கும் சேலை இருந்தது.

"போட்டாங்க," என்றார். "ராகிக்களி. கொள்ளுப்பருப்புக் கடஞ்சது. அவளுக்கு அது புடிக்கும். அண்ணம் பொண்டாட்டி எதுக்கால உக்காந்து பரிமாறுனா. அவ வயிறாரச் சாப்பிட்டா. புருசங்காரன் மழையில வெளியவே நிக்கறானேன்னு அண்ணனே போயிக் கூட்டிட்டு வந்தான். அவனுக்கும் ஒரு எல போட்டாங்க."

பெண்கள் காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"பெறவு?" என்றாள் பூமாரி.

ரத்தினசாமி பக்கத்தைப் புரட்டினார். அது கடைசிப் பக்கம். அதற்குப் பிறகு புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.